கெடு முடிந்த பிளாப்பிகள்

அன்று அந்தக் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்கும் பம்ப் கம்பெனிக்கும் பெரியவரான பாலுசாமி, காங்கேயத்தில் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்கா ராசாத்தாள், மகன் அருள்குமார், மகள் லோகப்பிரியா, கொடுமுடியிலிருந்து சம்பந்தம் பேச வந்திருந்த நாச்சிமுத்து, நாச்சிமுத்துவின் மகன் தீபக். கணக்குப்பிள்ளை நரசிம்மலு நடுவில் வந்தார், நடுவிலேயே போய்விட்டார். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொன்னவர்கள் ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

இடம், கணபதியில் சத்தி ரோட்டை ஒட்டிய கம்பெனிக் காம்பவுண்டு. முன்னால் வீடு, பின்னால் பட்டறை, இரண்டுக்கும் நடுவில் ஆபீஸ். 1996, மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டறை ஓடவில்லை.

கொடுமுடிக்காரர்கள் வந்தது கல்யாண நாள் குறிக்க. குலக்கூட்டம், குலதெய்வம் எல்லாம் விசாரித்து, ஜாதகம் பொருந்தி, ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்தாகிவிட்டது. பஞ்சாங்கத்தை நடுவில் வைத்து வைகாசியில் ஒரு முகூர்த்தத்தைப் பிடித்துவிட்டு, ராசாத்தாள் பிழிந்து வைத்திருந்த சந்தகையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. அதுவரை அந்த வீட்டில் காபியைத் தவிர வேறெதிலும் கை நனைப்பதில்லை. இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த முறைதான்.

நாள் குறிக்க உட்காருவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருந்தது. தீபக் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். பாலுசாமியின் கம்பெனிக் கம்ப்யூட்டரில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் பழையது. விலைப்பட்டியல் அடித்துக்கொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுவிடும். லோகப்பிரியா அணைத்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து அடிப்பாள். அதைச் சரிசெய்ய ஓர் அப்டேட் வந்திருப்பதாகவும், மார்ச் முடிவதற்குள் போட்டுக்கொண்டால்தான் உண்டு, அதற்குமேல் பிளாப்பி தானே கதவைச் சாத்திக்கொள்ளும் என்றும், வரும்போது தானே கொண்டுவந்து போட்டுத் தருவதாகவும் தீபக் சொல்லி அனுப்பியிருந்தான்.

பாலுசாமிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெண் கொடுக்கிற வீடு மாப்பிள்ளை வீட்டிலிருந்து சும்மா ஒன்றை வாங்கிக்கொண்டது என்ற பேச்சு வரக்கூடாது. விலை சொன்னால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். விலையும் கொடுத்தார். விலை கொடுத்த பிறகு சரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் உரிமையும் வந்துவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. தை மாதம் பவானியில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர், தூரத்து உறவு, மோரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "கொடுமுடிப் பையன் கடைங்களா? வெளிய கண்ணாடி நல்லாத்தான் இருக்குதுங்க." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பாலுசாமி அதை நம்பவுமில்லை, மறக்கவுமில்லை. பெண்ணைக் கொடுத்த பிறகு தெரிய வருவது எதுவாக இருந்தாலும், கொடுப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். அன்று காலையிலிருந்தே அவர் கண் தீபக்கின் கையின் மீதுதான் இருந்தது.

எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு அறைக்குள் போனார்கள். மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். பெட்டியின் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு. அதைப் பூட்டிவிட்டால் கீபோர்டை யார் தட்டினாலும் ஓர் எழுத்து விழாது. அதன் சாவி பாலுசாமியின் இடுப்புக் கொத்தில் இருந்தது. காலையில் அவர் திறந்துவிட வேண்டும், சாயங்காலம் அவரே பூட்ட வேண்டும். பில் அடிப்பது லோகப்பிரியாவாக இருந்தாலும், பில்லில் தேதி மட்டும் அச்சாகாது. சாமி கும்பிட்டுவிட்டு வந்து, அன்றைய தேதியை ரப்பர் ஸ்டாம்பால் பாலுசாமி தன் கையாலேயே குத்துவார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

தீபக் பிளாப்பிகளை ஒவ்வொன்றாகக் கொடுக்க, பெட்டி கரகரவென்று வாங்கிக்கொண்டது. நீலத் திரையில் ஒரு கோடு நீண்டுகொண்டே போயிற்று. கடைசி பிளாப்பி போனதும் கோடு நின்றது. ஓர் ஆங்கில வரி வந்தது. தீபக் அதை மனசுக்குள் படித்தான். முகம் மாறியது.

"என்னுங் தம்பி போட்டிருக்குது?" என்றார் பாலுசாமி. அவர் தீபக்கைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். மாப்பிள்ளை என்ற சொல்லை அவர் இன்னும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங் மாமா, இன்னொருக்கா போட்டுப் பாக்கறனுங்க."

"போட்டிருக்கறதப் படிச்சுச் சொல்லுங்."

தீபக் தயங்கினான். அருள்குமார் எட்டிப் பார்த்துப் படித்தான். "இந்த பிளாப்பிக்குக் கெடு முடிஞ்சுபோச்சாம்ப்பா. மேக்கொண்டு ஏத்த முடியாதுங்குது."

"கெடு முடிஞ்சுபோச்சா?" பாலுசாமி மெதுவாகக் கேட்டார். சத்தம் போடுகிறவர் இல்லை அவர். கோபம் வந்தால் குரல் இறங்கும். "மார்ச்சு முடிய இன்னும் நாள் கெடக்குதுங்களே தம்பி."

"அதுதானுங் எனக்கும் புரியல."

மறுபடி முதலிலிருந்து போட்டான். மறுபடி அதே கோடு, அதே இடம், அதே வரி.

நாச்சிமுத்து நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். "மிசினுன்னா ஒருக்கா ரெண்டுக்கா மொரண்டு பண்ணுமுங்க. எங்கூட்டு டிராக்டரே தள்ளுனாத்தான் கெளம்பும்" என்று சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

பாலுசாமி ஒரு பிளாப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே ஒட்டியிருந்த காகிதம் கொஞ்சம் கோணல். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். அடியில் இன்னொரு காகிதம் தெரிந்தது.

"இதென்னுங் தம்பி, காயிதத்து மேல காயிதம்?"

"அடில இருக்கறது பிளாப்பி தயாரிச்ச கம்பெனிதுங்க. அதுல எழுத்துப் பொடுசா இருக்குதுன்னு எத்தனையாவது பிளாப்பின்னும், எந்தத் தேதி வரைக்கும்னும் நான்தான் பெருசா எழுதி மேல ஒட்டுனனுங்க. பிரியா போடறப்ப வரிசை மாறிப்போகக் கூடாதுன்னுதான்."

பிரியா. இன்னும் நாள்கூடக் குறிக்கவில்லை, அதற்குள் பிரியா. பாலுசாமி அதையும் ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார்.

"மேல ஒட்டறவன் எதுக்குங் ஒட்டறான்? அடில இருக்கறது தெரியக்கூடாதுன்னுதான் ஒட்டறான்."

"ஏனுங்க!" என்றார் நாச்சிமுத்து. சிரிப்பு போய்விட்டது.

பாலுசாமி ஓரத்தை இன்னும் கொஞ்சம் கிழித்தார். பசை கெட்டி. அடியில் இருந்த காகிதமும் சேர்ந்து கிழிந்து வந்தது. தேதி இருந்திருக்க வேண்டிய இடத்தில் கருப்பு பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளையாக ஒரு பசைத் தடம்தான் மிச்சம். அவர் அதைத் தீபக்கிடம் நீட்டிக் காட்டினார்.

அந்த நேரத்தில்தான் நரசிம்மலு வந்தார். திங்கட்கிழமை லாரி விஷயமாக ஒரு சங்கதி சொல்லிவிட்டு, சோமனூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அவருக்கு. வாசலில் நின்று தலையை மட்டும் நீட்டினார்.

"பழைய சரக்குக்குப் புதுத் தேதி போட்டு ஒட்டறது பலசரக்குக் கடைல பாத்திருக்கறன்" என்று பாலுசாமி சொல்லிக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர் கடைலயும் உண்டுன்னு இப்பத்தான் தெரியுது."

நரசிம்மலு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். லாரி விஷயத்தை வெளியில் நின்றே அருள்குமாரிடம் கிசுகிசுத்துவிட்டு நடையைக் கட்டினார். அவர் கேட்டது அவ்வளவுதான். பார்த்தது கிழிந்த காகிதத்தையும் தீபக்கின் முகத்தையும்தான்.

தீபக்குக்குக் காது சிவந்திருந்தது. ஆனாலும் குரலை ஏற்றவில்லை. "மாமா, ஒரு நிமிசமுங்க. மிசினுக்குள்ள ஒண்ணு பாக்கோணும். பாத்துட்டனா..."

"பாத்தது போதுமுங்." பாலுசாமி குனிந்து பெட்டியின் பூட்டைத் திருகி, சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். "இதுக்குள்ள எங்க கம்பெனி இருக்குது. வெளியாள் கை இனி இதுல படவேண்டாம்."

"அப்பா, நான் ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றாள் லோகப்பிரியா. கதவோரம் நின்றிருந்தாள்.

"நீ உள்ள போ அம்மணி."

"இல்லீங்ப்பா, அந்தத் தேதி..."

"உள்ள போன்னனே கண்ணு."

பெற்ற மகள் ஒறம்பரையாக வந்தவர்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டு பேசுவதா? அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை உண்டோ? விலைப்பட்டியல் அடிக்கும்போது மிஷின் நின்றுவிடுகிறது என்று அவனுக்கு யார் சொன்னது? ஒன்றன்பின் ஒன்றாக அவர் மனசுக்குள் கேள்விகள் வந்து உட்கார்ந்துகொண்டன. ஒவ்வொன்றும் பொருத்தமாகவே இருந்தது. எந்தக் கேள்வியும் வேறு பக்கமாகத் திரும்பவில்லை.

லோகப்பிரியா சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

நாச்சிமுத்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "ஏனுங்க பாலுசாமி, நீங்க சோதிக்கறது பிளாப்பியவா, எங்க பையனயா?"

"ரெண்டும் ஒண்ணாத்தானுங் வந்துது."

"அப்பச் செரி. காவேரித் தண்ணி குடிச்சு வளந்த குடும்பமுங்க எங்களுது. பொய்ச் சரக்கு விக்கோணுங்கற கெதி வரல." மகனைப் பார்த்தார். "கெளம்புடா. நாளும் வேண்டாம், கெழமையும் வேண்டாம்."

அருள்குமாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தான், கொடுமுடிக்காரரைப் பார்த்தான், கடைசியில் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டான். அது தப்பு என்று உடனே உறைத்து, நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டான்.

பாலுசாமி அசையவில்லை. சந்தேகம் நிரூபணமாகிவிட்டது என்ற திருப்தி அவருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தவர்கள் கை நனைக்காமல் இந்த வாசலைத் தாண்டிப் போனால் நாளைக்கு ஈரோடு மார்க்கெட் வரைக்கும் பேச்சு போய்ச் சேரும். பேச்சு பையனைப் பற்றியும் இருக்கும், பெண்ணைப் பற்றியும் இருக்கும். பெண்ணைப் பற்றிய பேச்சுதான் தங்கும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பொய்ச் சரக்குக்காரன் வீட்டில் பெண் கொடுத்தான் என்ற சொல்லைவிட அது மேல் என்று நின்றார்.

அப்போது ராசாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டிலிருந்து திரும்பி வந்தாள். சந்தகையைப் பார்க்கப் போனவள். போனவளின் காதில் மருமகள் முறையான லோகப்பிரியா எதையோ போட்டிருக்கிறாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

"ஏந் தம்பி, ஒறம்பரைய நிக்கவெச்சுப் பேசறது எப்பருந்து நம்மூட்டுப் பழக்கமாச்சு?"

"நீ சித்த சும்மா இரு, அக்கா."

"எழுவது வருசமா சும்மாவா இருந்தன், இப்ப இருக்க?" அவள் நாச்சிமுத்துவை மறித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்களும் சித்த நில்லுங். எனக்கு இந்தப் பொட்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறன், அதுக்குப் பதில் சொல்லிப்போட்டு எல்லாரும் போங். இது என்ன மாசம்?"

"இதென்னக்கா கேள்வி? மாசி."

"நமக்கு மாசி. உன்ற பொட்டிக்கு?"

ராசாத்தாள் பெட்டிப் பக்கம் விரலை நீட்டினாள்.

"போன வருசம் ஆடில வந்து எறங்குச்சு இது. ஆடில புதுசா ஒண்ண ஆரம்பிப்பாங்களாடா, அடுத்த மாசம் எறக்குன்னு நான் சொன்னன். நீ என்ன பண்ணுன? வித்த கடையாளக் கூப்புட்டு, மிசினுக்கு ஆவணி ஆக்கிப்போடுன்னு சொன்ன. அவனும் ஆக்கிப்போட்டான். பொட்டிக்குப் பொட்டும் வெச்சு, தேங்காயும் ஒடச்ச. எனக்குத் தேங்காச் சில்லுகூடக் குடுத்துவிட்ட. நெனவிருக்குதா?"

பாலுசாமிக்கு நினைவிருந்தது. விற்ற ஆள் அன்றைக்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பிடிக்காததுகூட நினைவிருந்தது. கம்ப்யூட்டருக்கு நாம் சொல்வதுதான் தேதி என்று அவன் சொல்ல, பஞ்சாங்கத்தில் ஆவணியின் முதல் நல்ல முகூர்த்தத்தைப் பார்த்து அதையே வைக்கச் சொன்னார். நல்ல நேரத்தில் வைத்ததை இனி யாரும் கலைக்கக்கூடாது என்று லோகப்பிரியாவிடம் கண்டிப்பாகச் சொன்னதும் அவர்தான். பில்லுக்குத் தேதி குத்துவது அவருடைய ஸ்டாம்ப். ஆகவே பெட்டிக்குள் என்ன தேதி ஓடுகிறதென்று யாரும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஒரு மாதத்துக்குமேல் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"ஆவணியாக்குனவன் திருப்பி ஆடியாக்குனயா?" என்றாள் ராசாத்தாள். "ஆக்கல. புள்ள சொல்றா, அதுக்குச் சித்திரை பொறந்து நாளாச்சாமா. நாமதான் இன்னும் மாசில குந்தீட்டிருக்கறம்."

நாச்சிமுத்து மெதுவாகத் திரும்பினார். "அப்ப எங்க பையன் மாசில குடுத்தத உங்க மிசின் சித்திரைல வாங்கிப்போட்டு, கெடு முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுதுங்களா?"

தீபக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே ஒன்று பார்க்க வேண்டும் என்று அவன் சொன்னது இதைத்தான். அதை அவன் அப்போது எடுத்துச் சொல்லவில்லை. பாலுசாமி அதையும் கவனித்தார்.

அருள்குமாருக்குத் திடீரென்று வழி தெரிந்துவிட்டது. "அப்பா, அந்தப் பழைய கடைக்காரன் பண்ணுன வேலைங்ப்பா இது. ஆளு இப்ப ஊர்லயே இல்ல. அவன் ஒழுங்கா..."

"அவன் பண்ணல" என்றார் பாலுசாமி.

"இல்லீங்ப்பா, தேதிய மாத்துனது..."

"மாத்தச் சொன்னது நான். இல்லாதவன் தலைல கட்டறதுக்கு நாம இங்க நிக்கல." அவர் குரல் இன்னும் இறங்கியது. முதுகு மட்டும் வளையவில்லை. நாச்சிமுத்துவை நேராகப் பார்த்தார். "ஏனுங்க, உங்க பையன் கொண்டாந்த சரக்குல தப்பில்லீங்க. தப்பு என்றது. உக்காருங்."

நாச்சிமுத்து உடனே உட்காரவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து, மடித்து, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார்.

பாலுசாமி இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து, அந்தச் சின்னச் சாவியை மட்டும் கழற்றித் தீபக்கிடம் நீட்டினார். "தொறங்க, மாப்ள."

ராசாத்தாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியாது.

தீபக் சாவியைப் பூட்டுக்குள் விடப் போனான். "சித்த இருங்" என்றார் பாலுசாமி. பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "ராகு காலம் ஓடுது. இது முடியட்டும். நல்ல நேரத்துல வெச்சத நல்ல நேரத்துலதான் மாத்தோணும்."

"இன்னும் அடங்கலயாடா உனக்கு?" என்றாள் ராசாத்தாள். "வாங், அதுக்குள்ள சந்தகைய சாப்புட்டுப் போடலாம். ஆறுது."

"இருக்கட்டுமுங்க அம்மணி" என்றார் நாச்சிமுத்து. "மொதல்ல மிசின் சாப்படட்டும். அது எங்க சரக்க முழுங்குச்சுன்னா, நாங்க உங்க சந்தகைய முழுங்கறம்."

அவர் சிரிக்காமல் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. பாலுசாமி தலையசைத்தார்.

ராகு காலம் முடியும்வரை அந்த அறையில் உட்கார்ந்திருந்ததுபோல ஒரு உட்கார்தலை யாரும் விரும்ப மாட்டார்கள். கொடுமுடியில் வாழைத் தார் போன விலையைப் பேசினார்கள். மழை வருமா என்று பேசினார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நேரம் வந்ததும் லோகப்பிரியாவை அப்பாவே கூப்பிட்டார். "வா கண்ணு. நீயே மாத்து. எப்படின்னு உனக்குத் தெரியுமல்லோ."

"தெரியுமுங்ப்பா" என்றாள். ஆவணியிலேயே தெரியும் என்று சொல்லவில்லை.

அவள் தேதியை மாசிக்கு இறக்கினாள். தீபக் பிளாப்பிகளைக் கொடுத்தான். கரகரவென்று கோடு நீண்டது. கடைசி பிளாப்பியில் கோடு பழைய இடத்திலேயே நின்றதும் எல்லோரும் திரைப் பக்கம் குனிந்தார்கள். பாலுசாமி மட்டும் திரையைப் பார்க்காமல் தீபக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம். கோடு மறுபடி நகர்ந்து, ஓரத்தைத் தொட்டது. திரை அணைந்து, புதுசாக விடிந்தாற்போல வேறு நிறத்தில் வந்தது.

"முழுங்கிப்போட்டுது" என்றார் நாச்சிமுத்து. "எங்கீங் சந்தகை?"

வைகாசியில் நாள் குறித்தார்கள். தேங்காய்ப்பால் இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார் நாச்சிமுத்து. அவர்கள் கிளம்பிப் போன பிறகு பாலுசாமி தனியாக அந்த அறைக்கு வந்தார். கிழிக்காத பிளாப்பி ஒன்றை எடுத்து, ஓரத்தில் எச்சில் தொட்டு ஊறவைத்து, மேல் காகிதத்தைச் சேதமில்லாமல் உரித்தார். அடியில் பிளாப்பிக் கம்பெனியின் சின்ன எழுத்தில் மார்ச் முப்பத்தொன்று என்றே இருந்தது. மறுபடி அதை ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, மற்றவற்றோடு வைத்தார்.

நரசிம்மலு சோமனூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது, மறுவாரமே பவானிக்கும் ஈரோடு மஞ்சள் மண்டிக்கும் போய்விட்டது. கொடுமுடிப் பையன் கெடு முடிந்த பிளாப்பிக்குப் புதுத் தேதி ஒட்டி மாமனாருக்கே விற்றான், பெண் கல்யாணம் நின்றுவிடக் கூடாதென்று பாலுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அது பொய். பிளாப்பிகளுக்குக் கெடு முடியவில்லை. கம்ப்யூட்டரில் தேதி தப்பாக இருந்தது. அந்தத் தேதியை வைக்கச் சொன்னவர் பாலுசாமி.